முகவாதம்: கோணிய வாயைவிட மூடாத கண்ணை முதலில் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 44. பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். மினி லாரியில் தக்காளி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ராயக்கோட்டை மண்டிக்குப் போய் வருவது அவர் தொழில். ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஆறு வாரங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. பார்த்தால் வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது, வலக்கண் மூடவில்லை. காற்று அடித்துவிட்டது என்று உறவினர் ஒருவர் பச்சிலைச் சாற்றை மூக்கில் விட்டு, இடக்கன்னத்தில் பற்றுப் போட்டார். ஐந்து நாள் கழித்துத்தான் டாக்டரிடம் போனோம். பத்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். சர்க்கரை 340 வரை ஏறியதால் பயந்து நான்காம் நாளே நிறுத்திவிட்டோம். இப்போது தினமும் பிசியோதெரபி மையத்தில் கரண்ட் வைக்கிறார்கள். இரண்டு வாரமாக வலப்பக்க உதட்டோரம் லேசாக அசைகிறது. கண் மட்டும் இன்னும் முழுதாக மூடவில்லை, சிவந்திருக்கிறது, சில நாட்களாகப் பார்வை மங்கலாக இருக்கிறது என்கிறார். பெங்களூரில் தொடைச் சதையை எடுத்து முகத்தில் வைத்து ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். அதற்காக ஆடுகளை விற்கலாமா என்று யோசிக்கிறோம். இது பக்கவாதத்தின் தொடக்கமா? மறுபடியும் வருமா? முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்வியாக இல்லாமல், போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. கண் சிவந்திருக்கிறது, சில நாட்களாகப் பார்வை மங்குகிறது என்கிறீர்கள். ஆறு வாரமாகச் சரியாக மூடாத கண்ணில் இவை இரண்டும் சேர்ந்து வந்தால், கருவிழி உலர்ந்து புண்ணாகத் தொடங்கியிருக்கலாம் என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஆகவே இந்தப் பதிலை முழுதும் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திராமல், அவரை இன்றைக்கே, முடியாவிட்டால் நாளைக் காலையிலாவது, கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போனாலும் சரி, உங்களுக்குப் பழக்கமான வேறு கண் மருத்துவரிடம் போனாலும் சரி, கண்ணில் ஒரு மஞ்சள் சாயத்தை விட்டு நீல ஒளியில் பார்ப்பார்கள்; கருவிழியின் மேல்தோல் உரிந்த இடம் இருந்தால் அது பச்சையாக ஒளிர்ந்து தெரியும். இரண்டு நிமிடச் சோதனை அது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கருவிழியின் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும் என்பதால், வலி இல்லையே என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

முகவாதம் வந்த வீட்டில் எல்லோரும் வாயையே பார்க்கிறார்கள். சிரித்தால் கோணுகிறது, காபி குடித்தால் ஒழுகுகிறது என்பதெல்லாம் கண்ணில் படுகிற குறைகள். ஆனால் வாய் கோணியதால் எவரும் ஓர் உறுப்பை இழப்பதில்லை. காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் என்னிடம் வந்தபோது அவருடைய வாய் முக்கால்வாசி சரியாகியிருந்தது. நான்கு மாதமாகக் கண்ணை மட்டும் எவரும் கவனிக்காததால் கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுந்திருந்தது. நரம்பு திரும்பி வந்த பிறகும் அந்தத் தழும்பு போகவில்லை.

கண் மருத்துவர் சொல்லும் மருந்துடன் நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பகலில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விடுங்கள். வெளியே போகும்போது பவர் இல்லாத சாதாரண மூக்குக்கண்ணாடியாவது போட்டுக்கொள்ளட்டும். மண்டித் தூசியும் வண்டிக் காற்றும் அந்தக் கண்ணுக்கு ஆகாது. இரவில் படுக்கும் முன் கீழ் இமையைச் சற்று இழுத்துப் பிடித்து, உள்ளே அரிசி நீளத்துக்குக் கண் களிம்பை இடுங்கள். இமையின் மேல் வழிந்த களிம்பைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டர் ஒட்டாது. பிறகு அவரைக் கீழ்நோக்கிப் பார்க்கச் சொல்லி, மேல் இமையை உங்கள் விரலால் மெல்ல இறக்கி மூடி, காகிதம் போல மெல்லிசாக இருக்கும் மைக்ரோபோர் பிளாஸ்டரில் ஒரு விரல் நீளத் துண்டை இமையின் நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கன்ன எலும்பு வரைக்கும் ஒட்டுங்கள். இமை முழுதாக மூடியிருக்கிறதா என்று விளக்கைக் காட்டிப் பாருங்கள். இமையை ஒட்டாமல் மேலே பஞ்சை மட்டும் வைத்துக் கட்டுவது ஆபத்து. பஞ்சுக்குள்ளேயே கண் திறந்துகொண்டு, கருவிழி இரவு முழுதும் பஞ்சில் உரசிக்கொண்டிருக்கும். கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதையும் விட வேண்டாம். மருந்துக்கடையில் கண் சிவப்புக்கு என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கண்ணில் புண் இருக்கும்போது அதை விட்டால் புண் ஆழமாகப் போய்விடும்.

கண்ணை மூடச் சொன்னால் அவருடைய கருவிழி மேலே ஏறி வெள்ளை மட்டும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலோருக்குக் கண்ணை மூடும்போது விழி மேல்நோக்கிச் செல்கிறது. இமை மூடிவிடுவதால் நாம் அதைப் பார்ப்பதில்லை. அவருக்கு இமை மூடாததால் தெரிகிறது, அவ்வளவுதான். சொல்லப்போனால் அப்படி மேலே ஏறுவதே கருவிழிக்கு ஓரளவு பாதுகாப்பு.

இனி நோய்க்கு வருவோம். பக்கவாதமா என்று கேட்டிருக்கிறீர்கள். முகவாதம், பக்கவாதம் என்று இரண்டு பெயரிலும் வாதம் இருப்பதால் இரண்டும் ஒன்றே என்ற குழப்பம் நம் பக்கத்தில் அதிகம். பக்கவாதம் மூளையின் இரத்தக் குழாயில் வரும் கோளாறு. முகவாதம் மூளையிலிருந்து புறப்பட்டு முகத்துக்கு வரும் ஏழாவது நரம்பின் கோளாறு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது நெற்றி. நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருவதால், மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டாலும் நெற்றியைச் சுருக்க முடியும். வாய் மட்டும் கோணும். நரம்பே பழுதானால் அந்தப் பக்க நெற்றியும் மழுங்கிப்போகும், கண்ணும் மூடாது. உங்கள் கணவரைப் புருவத்தை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். இடப்பக்கம் கோடுகள் விழுந்து வலப்பக்கம் வழவழப்பாக இருந்தால் இது நரம்பைச் சேர்ந்தது. கண் மூடவில்லை என்பதும், கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை என்பதும் அதையே காட்டுகின்றன. ஆனாலும் அவர் சர்க்கரை நோயாளி. எதிர்காலத்தில் எப்போதாவது முகக்கோணலுடன் ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். மூக்கில் சாறு விட்டுக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் சார்லஸ் பெல், முகத்தை அசைக்கும் இந்த நரம்பைப் பற்றி 1821ஆம் ஆண்டில் எழுதினார். காரணம் தெளிவாகப் பிடிபடாமல் திடீரென்று வரும் முகவாதத்தை அவர் பெயரால் பெல்ஸ் பால்சி என்கிறோம். முகவாதங்களில் பெரும்பாலானவை இவ்வகைதான். இந்த நரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள் இருக்கும் குறுகிய வளைந்த குழாய் வழியாக வருகிறது. அதன் மிக ஒடுங்கிய இடம் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இராது. உடலில் ஏற்கெனவே உறங்கிக்கிடக்கும் ஹெர்பீஸ் வகை வைரஸ் விழித்துக்கொள்வதால் நரம்பு வீங்குகிறது என்பது இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம். வீங்கிய விரலில் மோதிரம் இறுகுவதுபோல எலும்பு அந்த நரம்பை இறுக்குகிறது. இரத்த ஓட்டம் குறைகிறது. நரம்பு வேலையை நிறுத்திவிடுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும், நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணிகளுக்கும் இது சற்று அதிகமாக வருகிறது.

காற்று அடித்தது என்பதை நான் கேலி செய்யமாட்டேன். ஓசூர்ப் பக்கத்துக் குளிரில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர், மறுநாள் முகம் கோணினால், அந்தக் காற்றைத்தான் நினைத்துக்கொள்வார். ஆனால் அதே வண்டியில் அதே காற்றை வாங்கிய மற்ற நாற்பது பேருக்கு ஏன் வரவில்லை என்று எவரும் கேட்பதில்லை. காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொள்வதால் தீங்கில்லை. சிகிச்சை அதோடு முடிந்துவிட்டது என்று நினைப்பதால்தான் தீங்கு.

உங்கள் கடிதத்தில் இன்னொரு செய்தியும் என் கண்ணில் பட்டது. வாய் இடப்பக்கம் இழுத்ததால் பற்றையும் இடக்கன்னத்தில் போட்டிருக்கிறார்கள். நோய் வலப்பக்கத்தில் இருக்கிறது, அம்மா. வலப்பக்கத் தசை செயலற்றுப் போனதால், நல்ல நிலையில் இருக்கும் இடப்பக்கத் தசை எதிர்ப்பின்றி வாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கோணுகிற பக்கமே நோய்ப் பக்கம் என்று நினைத்துச் சரியாக இருக்கும் கன்னத்தைத் தேய்த்து வதைப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கன்னத்துக்குக் கொடுக்க வேண்டியது ஓய்வுதான். புறா இரத்தம் தடவுவது, காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது, சூடு வைப்பது ஆகியவற்றையும் எவராவது சொல்வார்கள். எதையும் செய்ய வேண்டாம். அந்த ஐந்து நாட்களைப் பற்றி உறவினரிடம் சண்டை போடுவதிலும் இப்போது பயனில்லை.

ஸ்டீராய்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்வது எழுத்தில் தெரிகிறது. உண்மையை உள்ளபடி சொல்கிறேன். பெல்ஸ் பால்சிக்கு உறுதியாக நிரூபிக்கப்பட்ட மருந்து பிரெட்னிசொலோன் எனும் ஸ்டீராய்டுதான். முகம் கோணிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, நாளொன்றுக்கு 50 அல்லது 60 மில்லிகிராம் என்ற அளவில் சுமார் பத்து நாள் கொடுப்பது வழக்கம். ஸ்காட்லாந்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி எடுத்துக்கொண்டவர்களில் 100க்கு 94 பேர் ஒன்பது மாத முடிவில் முழுமையாகக் குணமடைந்திருந்தார்கள்; எடுக்காதவர்களில் 82 பேர். மாத்திரையால் கிடைத்த கூடுதல் இலாபம் அந்தப் பன்னிரண்டு பேர். அது சிறியதல்ல. ஆனால் மாத்திரை இல்லாமலே 82 பேர் தேறினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் கணவருக்கு ஐந்து நாள் கழித்தே தொடங்கியதால், முழுதாகச் சாப்பிட்டிருந்தாலும் பயன் குறைவாகவே இருந்திருக்கும். நான்கு நாளில் சட்டென்று நிறுத்தியதால் உடலுக்குக் கெடுதல் எதுவும் நேர்ந்திராது. இப்போது ஆறு வாரம் ஆனபின் மறுபடியும் தொடங்குவதில் பொருளில்லை. எவராவது எழுதிக்கொடுத்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சொல். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், குறிப்பாகப் பிற்பகலிலும் மாலையிலும். அதற்காக மாத்திரையைத் தூக்கி எறிவதைவிட, அந்தப் பத்து நாளைக்கு மட்டும் சர்க்கரை மருந்தைக் கூட்டியோ சிறிது இன்சுலின் போட்டோ சமாளிப்பதுதான் முறை. மாத்திரை எழுதும்போதே இதை மருத்துவர் விளக்கியிருக்க வேண்டும். நோயாளியிடம் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் சீட்டை மட்டும் நீட்டுவது எங்கள் தொழிலில் உள்ள குறை.

ஒன்றைக் கேட்டுச் சொல்லுங்கள். முகம் கோணிய நாட்களில் அவருக்கு வலக்காதில் கடும் வலியோ, காது மடலிலும் துளையிலும் சிறு கொப்புளங்களோ, தலைச்சுற்றலோ, காது மந்தமோ இருந்தனவா? இருந்திருந்தால், குறிப்பாகக் கொப்புளங்கள் இருந்திருந்தால், அது பெல்ஸ் பால்சியாக இராமல் போகலாம். அக்கி வைரஸால் வரும் ராம்சே ஹன்ட் எனும் வகையாக இருக்கலாம். அதற்குத் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டுடன் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குணமாவதும் தாமதமாகும், முழுமையும் குறையும். அக்கி என்று மேலே செம்மண் பூசி எழுதிவிட்டு வருபவர்களுக்கு இந்த நாட்கள்தான் கைநழுவிப் போகின்றன.

இப்போது நல்ல செய்தி. உதட்டோரம் அசைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஓர் அசைவு மருத்துவருக்குப் பெரிய தகவல். நரம்பு முழுதாக அறுபடவில்லை, தளிர்த்துக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். டென்மார்க்கில் 25 ஆண்டுகளாக ஏறத்தாழ 1,700 பெல்ஸ் பால்சி நோயாளிகளை மருந்து எதுவும் தராமல் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், 100க்கு 85 பேருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. எஞ்சியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதத்தில் தொடங்கியது. சீக்கிரம் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் முழுதாகத் தேறினார்கள். தாமதமானவர்களுக்குப் பெரும்பாலும் ஏதேனும் குறை தங்கியது. உங்கள் கணவருக்கு நான்காம் வாரத்தில் தொடங்கியிருக்கிறது. ஆகவே பெரும்பகுதி திரும்பிவிடும், ஏதேனும் ஒரு சிறு குறை தங்கலாம் என்பது என் மதிப்பீடு. நரம்பில் முற்றிலும் பழுதான இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். காதுக்குப் பின்னாலிருந்து உதட்டோரம் வரை அவை வந்துசேர மூன்று நான்கு மாதம் பிடிக்கும். எந்த மருந்தாலும், எந்தக் கரண்டாலும் இந்த வேகத்தைக் கூட்ட முடியாது.

கரண்ட் வைப்பதைப் பற்றி என் கருத்து இதுதான்: நிறுத்திவிடுங்கள். அது நரம்பை விரைவாக வளர்க்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. திரும்பி வரும் நரம்பு தாறுமாறாகக் கிளை விட அது வழிசெய்யலாம் என்ற ஐயமும் மருத்துவர்களிடையே இருக்கிறது. ஆனால் பிசியோதெரபியை விட்டுவிட வேண்டாம். முகப் பயிற்சியில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்டிடம், கரண்ட் வேண்டாம், கண்ணாடி முன் செய்யும் பயிற்சியைக் கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். பயிற்சி என்றதும் நம்மவர்கள் பலூன் ஊதுவதிலும் சூயிங்கம் மெல்லுவதிலும் இறங்கிவிடுகிறார்கள். மெல்லும் தசைகள் ஐந்தாவது நரம்பைச் சேர்ந்தவை. நாள் முழுதும் மென்றாலும் ஏழாவது நரம்புக்கு ஒரு பயனும் இல்லை. பலூன் ஊதும்போது முழு பலத்தையும் நல்ல பக்கமே போடுகிறது. கோணல் இன்னும் கூடுகிறது. அவர் செய்ய வேண்டியது வேறு. வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சில நிமிடம் வலக்கன்னத்தில் வைத்து (சூட்டை முதலில் உங்கள் முழங்கையில் பார்த்துவிடுங்கள்), விரல் நுனிகளால் மெல்ல நீவிவிட்டு, கண்ணாடி முன் அமர்ந்து, இடக்கன்னத்தை இடக்கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது உதட்டோரத்தை நெல்லளவு மட்டும் உயர்த்த முயல வேண்டும். மெதுவாக, சிறிதாக, கண் சுருங்காமல். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடமாக நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதும். வேர்க்க வேர்க்கச் செய்வதால் கெடுதல்தான்.

ஏன் இவ்வளவு மெதுவாக என்று அவர் கேட்பார். நீங்கள் விவசாயக் குடும்பம் என்பதால் இப்படிச் சொல்கிறேன். ஏரியிலிருந்து வரும் வாய்க்காலில் உடைப்பு எடுத்துவிட்டது. வெட்டிச் சீர் செய்தபின் தண்ணீர் வரும்போது நெற்றிக்குப் போக வேண்டியது, கண்ணுக்குப் போக வேண்டியது, உதட்டுக்குப் போக வேண்டியது என்று மடை சரியாகப் பிரிய வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரைத் திறந்தால் மடை மாறிப் பாய்ந்துவிடும். நரம்பிலும் அதுவே நடக்கிறது: உதட்டுக்கு வர வேண்டிய கிளை கண்ணுக்குப் போய்விட்டால், சிரிக்கும்போதெல்லாம் கண் தானாகச் சுருங்கும், எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டியது கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டால், சாப்பிட உட்கார்ந்ததும் கண்ணீர் கொட்டும். மூன்று நான்கு மாதத்துக்குப் பின் இப்படி ஏதாவது தெரிந்தால் அதற்கும் வழி உண்டு. சுருங்கும் தசையில் மிகக் குறைந்த அளவு போடாக்ஸ் ஊசி போட்டால் இறுக்கம் தளரும். மூன்று நான்கு மாதம் தாங்கும், பிறகு மறுபடியும் போட வேண்டியிருக்கும். அழகு நிலையச் சமாச்சாரம் என்று அதை ஒதுக்க வேண்டாம். முகவாதத்தின் பின்விளைவுக்கு அது முறையான மருத்துவம்.

சாப்பாட்டில் ஒரு சிறு கவனம். வலக்கன்னத் தசை தளர்ந்திருப்பதால் சோறும் காயும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டபின் விரலை விட்டு எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர் வாயில் அது அழுகினால் ஈறு வீங்கிவிடும். களி உருண்டையை நம் பக்கத்தில் மெல்லாமல் விழுங்குவதால் அதில் இந்தத் தொல்லை குறைவு என்று நோயாளிகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அளவு மட்டும் சர்க்கரைக்கு ஏற்றபடி இருக்கட்டும்.

நான்கு மாதம் முடியும்போது முகத்தில் கணிசமான முன்னேற்றம் இல்லாவிட்டால், அல்லது இப்போது வந்திருக்கும் அசைவே குறைந்துவிட்டால், இது பெல்ஸ் பால்சிதானா என்று மறுபடியும் தேட வேண்டும். காதில் நாட்பட்ட சீழ், காது மடலுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி, நரம்பிலேயே வளரும் கட்டி, உணர்ச்சியற்ற தேமலுடன் வரும் தொழுநோய் ஆகியவையும் முகத்தைக் கோணச் செய்யும். காதில் சீழ் வடிந்தாலோ, காதுக்குக் கீழே உருண்டையாகத் தட்டுப்பட்டாலோ நான்கு மாதம் காத்திராமல் இப்போதே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எம்ஆர்ஐ ஸ்கேனும் தசையின் மின்னோட்டத்தை அளக்கும் இஎம்ஜி பரிசோதனையும் அப்போது தேவைப்படலாம். உதடு அசையத் தொடங்கிவிட்ட உங்கள் கணவருக்கு இன்று அவை கட்டாயமில்லை.

தொடைச் சதை ஆபரேஷனுக்கு வருகிறேன். உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அப்படி ஓர் அறுவை சிகிச்சை உண்மையிலேயே உண்டு. தொடையின் உட்பக்கத்திலிருந்து மெல்லிய தசை ஒன்றை இரத்தக் குழாயுடனும் நரம்புடனும் எடுத்து, முகத்தில் பொருத்தி, மெல்லும் தசையின் நரம்போடு இணைப்பார்கள். அல்லது கெண்டைக்காலிலிருந்து எடுத்த நரம்பை நல்ல கன்னத்திலிருந்து மேலுதட்டின் வழியே கொண்டுவந்து, பல மாதம் கழித்து அதில் தசையை இணைப்பார்கள். பல மணி நேர வேலை அது. அதற்குப் பிறகும் அந்தத் தசை அசையப் பல மாதம் ஆகும். ஆனால் அது யாருக்கு? நரம்பு திரும்பவே வராமல், முகத்தின் சொந்தத் தசைகளும் சூம்பிவிட்டவர்களுக்கு. கட்டியை அகற்றும்போது நரம்பை வெட்ட நேர்ந்தவர்களுக்கும், விபத்தில் நரம்பு அறுந்தவர்களுக்கும் வேறு நரம்பை ஒட்டுவதை முன்கூட்டியே செய்ய வேண்டும். ஒன்றரை இரண்டு ஆண்டுக்கு மேல் நரம்பில்லாமல் கிடந்த தசை மீளாது என்பதால் அங்கே காலம் முக்கியம். உங்கள் கணவரின் நரம்போ தானே வந்துகொண்டிருக்கிறது. வருகிற நரம்பின் வழியில் கத்தி வைப்பதை நேர்மையான அறுவை மருத்துவர் எவரும் இந்த ஆறாம் வாரத்தில் செய்யமாட்டார். செய்கிறேன் என்று முன்பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எலும்புக் குழாயை உடைத்து நரம்புக்கு இடம் கொடுக்கும் இன்னோர் அறுவை சிகிச்சையும் உண்டு. அதை முதல் இரண்டு வாரத்துக்குள், நரம்பு மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே யோசிப்பார்கள், அதிலும் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவருக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

அறுவை என்று ஒன்று அவருக்குத் தேவைப்பட்டால் அது கண்ணுக்காகத்தான் இருக்கும். கருவிழியில் புண் இருந்து, சொட்டு மருந்தாலும் பிளாஸ்டராலும் அடங்காவிட்டால், இமைகளின் ஓரத்தைத் தற்காலிகமாகச் சேர்த்துத் தைப்பார்கள். சிறிய வேலை, நரம்பு வந்தபின் பிரித்துவிடலாம். அந்தப் பக்கம் கண் சிறுத்துத் தெரியுமே என்று தயங்க வேண்டாம். பல மாதம் ஆகியும் கண் மூடாதவர்களுக்கு மேல் இமைக்குள் ஒரு கிராம் அளவில் தங்கம் அல்லது பிளாட்டினத் தகடு ஒன்றை வைப்பதும் உண்டு. கண்ணைத் திறக்கும் தசை வேறு நரம்பைச் சேர்ந்தது என்பதால் அது தகட்டைத் தூக்கிக்கொள்ளும், தளர்த்தியதும் தகட்டின் கனத்தால் இமை தானாக இறங்கும். எளிமையான யோசனை, நன்றாகவே வேலை செய்கிறது.

ஆகவே ஆடுகளை விற்க வேண்டாம். கண் பரிசோதனைக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் அரசு மருத்துவமனையே போதும். பிற்காலத்தில் பெரிய சிகிச்சை எதுவும் தேவைப்பட்டால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையை எடுத்துச் சென்று, அந்தச் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துச் சூளகிரி வட்டாரத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி உதவியும் உண்டு. உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிந்துவையுங்கள். சர்க்கரை மாத்திரைக்கும் அவர்களே துணை.

மறுபடியும் வருமா என்றால், 100 பேரில் 7 முதல் 12 பேருக்கு வாழ்நாளில் இன்னொரு முறை வருவதுண்டு. வந்தால் முதல் நாளே மருத்துவரிடம் போக உங்களுக்கு இப்போது தெரியும். இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. பிள்ளைகளை அவரிடமிருந்து தள்ளி வைக்க வேண்டியதில்லை. வண்டி ஓட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: பார்வை தெளிந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும்வரை விடியற்கால ஓட்டம் கூடாது. எதிர் வண்டி விளக்கில் மங்கலான கண் கூசி ஒன்றும் தெரியாது.

துண்டைப் போட்டு மூடிக்கொண்டிருக்கும் மனிதரிடம் ஒன்றும் ஆகவில்லை, சரியாகிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதால் ஆறுதல் பிறக்காது. அவருக்கு ஒரு கணக்குக் காட்டுங்கள். ஞாயிறுதோறும் காலையில், வாசல் வெளிச்சத்தில், ஒரே இடத்தில் உட்காரவைத்து உங்கள் போனில் அரை நிமிட வீடியோ எடுங்கள்: புருவத்தை உயர்த்துவது, கண்ணை மெல்ல மூடுவது, பல் தெரியச் சிரிப்பது, உதட்டைக் குவிப்பது. தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. நான்கு வார வீடியோவை அடுத்தடுத்துப் பார்த்தால் தெரியும். தூக்கமும் சாப்பாடும் விட்டுப்போய், உயிர் வாழ்ந்து என்ன என்பதுபோலப் பேசினால், அதைத் தனியாக மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது. மண்டியிலிருந்து கூட்டாளி ஒருவரை வீட்டுக்கு வரச்சொல்லித் தக்காளி விலையைப் பேசவிடுங்கள்.

கண் மருத்துவரிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டையும், கடைசியாக எடுத்த சர்க்கரைப் பரிசோதனை முடிவையும், இதுவரை கண்ணில் விட்ட சொட்டு மருந்துப் புட்டிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கருவிழியில் புண் இருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்பதை அவர் சீட்டிலேயே எழுதித் தரக் கேட்டு வாங்கி, அதையும் இன்னும் பத்து வார வீடியோக்களையும் வைத்துக்கொண்டு நான்காம் மாத முடிவில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.